சிலிண்டர் அம்மாவுக்கு, ஓடிபி மகனுக்கு! வீட்டுக்கும் உடம்புக்கும் வரும் ஆப்கள் எங்கே சறுக்குகின்றன?

காலை 11 மணி. சென்னையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும் மகனுக்கு ஊரிலிருந்து அம்மாவின் போன். “தம்பி, சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கிறாரு. ஏதோ நம்பர் கேக்குறாரு. உன் போனுக்குத்தான் வந்திருக்காம், பாத்துச் சொல்லுப்பா.”

மகன் வெளியே ஓடி வந்து, விளம்பர மெசேஜ்களுக்கு நடுவே அந்த நாலு இலக்க எண்ணைத் தேடுகிறார். கிடைக்கும்போது சிலிண்டர்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

நம்மில் பல பேர் வீட்டில் நடப்பதுதான் இது. கேஸ் புக்கிங், கரன்ட் பில், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், மாத்திரை ஆர்டர், பிபி கணக்கு என எல்லாவற்றுக்கும் இன்று ஆப் இருக்கிறது. ஆனால் பிரச்சினை ஒருத்தருக்கு, போன் இன்னொருத்தர் கையில் என்றால் அந்த ஆப் என்ன செய்யும்? விரிவாகப் பார்க்கலாம்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

பெரும்பாலான ஆப்கள் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு உருவாக்கப்படுகின்றன. ஒரு ஆள், ஒரு போன், ஒரு நம்பர். ஆனால் நம்ம வீடுகளின் கணக்கு வேறு. ஒரு ஸ்மார்ட்போனைச் சுற்றி மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அதிலும் சர்க்கரை, பிபி என்று அதிகம் அவதிப்படும் பெரியவர்களிடம் பட்டன் போன்தான் இருக்கும்.

2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தானே பயன்படுத்தும் மொபைல் போன் வைத்திருக்கும் பெண்கள் இந்திய அளவில் சுமார் 54 சதவீதம்தான். இன்டர்நெட்டை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டு நிலை இதைவிட மேல் என்றாலும், இன்டர்நெட் விஷயத்தில் இங்கும் அப்போது பாதியைத் தொடவில்லை.

கேஸ், சமையல், குழந்தைக்குத் தடுப்பூசி, மாமியாருக்கு மாத்திரை என்று வீட்டையும் உடம்பையும் கவனிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கான ஆப், அவர்கள் கையில் இல்லாத போனை நம்பி இருக்கிறது. முதல் சறுக்கல் இதுதான்.

கோவின் சொல்லிக்கொடுத்த பாடம்

இது வெறும் அசௌகரியமா, உயிர் விஷயமா என்று கேட்டால் 2021ஐ நினைத்துப் பாருங்க. அந்த ஆண்டு மே 1 முதல் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கும் கொரோனா தடுப்பூசி திறக்கப்பட்டது. ஆனால் கோவின் தளத்தில் ஆன்லைனில் பதிவு செய்தால்தான் ஊசி. வேகமான நெட் உள்ளவர்களே ஸ்லாட் கிடைக்காமல் தவித்தார்கள். ஸ்மார்ட்போனே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

உச்ச நீதிமன்றமும் மே 31ஆம் தேதி உத்தரவில் இந்த டிஜிட்டல் இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 24ல், அரசு மையங்களில் நேரில் பதிவு செய்ய இந்த வயதினருக்கும் அனுமதி வந்தது. ஜூனில் பிராந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது முதலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகு சேர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் கோவினில் ஒரு நல்ல யோசனையும் இருந்தது. ஒரே மொபைல் நம்பரில் நான்கு பேர் வரை பதிவு செய்யலாம். 2022 ஜனவரியில் அது ஆறு பேராக உயர்த்தப்பட்டது. அதாவது, போன் என்பது குடும்பத்தின் பொதுச் சொத்து என்பதை அந்த வடிவமைப்பு ஒத்துக்கொண்டது. பல தனியார் ஆப்களில் இன்றும் இல்லாத அம்சம் இது.

‘ஓடிபி சொல்லாதீங்க... ஓடிபி சொல்லுங்க!’

இங்கேதான் யாரும் அதிகம் பேசாத ஒரு ஆபத்து இருக்கிறது. “ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்” என்று பேங்க் மெசேஜ் அனுப்புகிறது. அதே நாளில் சிலிண்டர் கொண்டு வருபவரும், பார்சல் கொண்டு வருபவரும், “ஓடிபி சொல்லுங்க” என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு ஓடிபி என்பது நமக்குத் தெரியும். அம்மாவுக்கு?

சிலிண்டர் விஷயத்தில் அந்த எண்ணுக்கு நியாயமான காரணம் உண்டு. ஒருவர் பெயரில் புக் செய்த சிலிண்டர் வேறு இடத்துக்குப் போகாமல் தடுக்கத்தான் அது. ஆனால் போன் ஒருவரிடமும் பொருள் வாங்குபவர் வேறு இடத்திலும் இருக்கும்போது, குடும்பமே போனில் ஓடிபி வாசிக்கும் பழக்கத்துக்கு வந்துவிடுகிறது. நாளைக்கு ஒரு மோசடிக்காரர் போன் செய்து இதே தொனியில் கேட்டால், நம்பரைச் சொல்வது அம்மாவுக்கு வழக்கமான வேலையாகத் தோன்றும். பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடே பாதுகாப்பைத் தளர்த்துகிறது.

இதற்கு ஓடிபியைத் தூக்கி எறிவது தீர்வாகாது. ஒருவர் இன்னொருவருக்கு முறைப்படி அனுமதி கொடுக்க வழி வேண்டும். யுபிஐ அந்தத் திசையில் ஒரு அடி வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் அறிமுகமான யுபிஐ சர்க்கிளில், கணக்கு வைத்திருப்பவர் தன் நம்பிக்கைக்குரிய ஐந்து பேர் வரை சேர்க்கலாம். முழு அனுமதி கொடுத்தால் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். பின்னையும் ஓடிபியையும் பகிரத் தேவையில்லை. வாங்குகிறவர் வேறு, கணக்கு வைத்திருப்பவர் வேறு என்பதைப் புரிந்துகொண்ட வடிவமைப்பு இது. மருத்துவ ஆப்களுக்கும் கேஸ் ஆப்களுக்கும் இதே போன்ற ‘வீட்டு ஆள் அனுமதி’ வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எல்லாத்துக்கும் ஆப் வேணுமா?

வேண்டாம் என்பதற்கு நல்ல உதாரணம் கேஸ் புக்கிங்கிலேயே இருக்கிறது. 2021 ஜனவரி 1ஆம் தேதி இண்டேன், மிஸ்டு கால் புக்கிங்கைத் தொடங்கியது. பதிவு செய்த நம்பரிலிருந்து 84549 55555 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். டவுன்லோடு, பாஸ்வேர்டு, நெட் எதுவும் தேவையில்லை. மிஸ்டு கால் கொடுக்க நம்ம ஊரில் யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

கர்ப்பிணிகளுக்காக மத்திய அரசு 2016ல் தொடங்கிய ‘கில்காரி’ திட்டமும் இப்படித்தான். கர்ப்பத்தின் நாலாம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை, வாரம் ஒரு போன் கால் வரும். மொத்தம் 72 குரல் செய்திகள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம், பட்டன் போனிலும் கேட்கலாம்.

நடுவில் ஒரு ஆள் இருந்தால்...

ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கும் அரசின் ‘இ-சஞ்சீவனி’ சேவை இரண்டு விதமாக இயங்குகிறது. ஒன்று, நோயாளி வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசுவது. மற்றொன்று, பக்கத்து சுகாதார மையத்துக்குப் போனால் அங்குள்ள ஊழியர் கணினி வழியாக டாக்டரை இணைத்துக் கொடுப்பது. 2023 பிப்ரவரியில் இந்தச் சேவை 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு இரண்டாவது வகையில் நடந்தவை.

தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் இதே பாதைதான். 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இத்திட்டத்தில், சர்க்கரை, பிபி மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறார்கள். ஆப்பைக் கற்றுக்கொள்ளும் சுமை பாட்டி தலையில் விழுவதில்லை. பாட்டிக்குத் தெரிந்த ஒரு முகம் வாசலுக்கு வருகிறது.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான பெரிய ஆய்வு கணக்கிட்டது. இத்தனை பேரையும் ஆப் டவுன்லோடு செய்யச் சொல்லி மட்டும் கவனித்துவிட முடியாது.

தப்பான நம்பர் காட்டினால் என்ன ஆகும்?

வடிவமைப்பு மோசமாக இருந்தால் எரிச்சல் வரும். அளவீடே தப்பாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

அமெரிக்காவில் 2014 முதல் 2015 வரை ‘இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்’ என்ற ஆப் விற்பனையில் இருந்தது. போனை நெஞ்சில் வைத்து, கேமரா மேல் விரலை வைத்தால் பிபி சொல்லிவிடும் என்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை விற்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சோதித்து 2016ல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சியானது. உயர் பிபி உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு, ‘உங்கள் பிபி சரியாக இருக்கிறது’ என்ற பொருளில் எண் காட்டியிருக்கிறது அந்த ஆப். அதை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால்?

ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு சொல்லும் என்று விற்கப்படும் ஸ்மார்ட் வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்ததும் இதனால்தான்.

சரியான எண்ணும் சில சமயம் போதாது. வீட்டில் பிபி மெஷினில் 150/95 என்று காட்டுகிறது. அப்பா பயந்துபோய் மறுபடி மறுபடி பார்க்கிறார், அது இன்னும் ஏறுகிறது. ‘ஐந்து நிமிஷம் அமைதியா உட்காருங்க, காலைத் தரையில் வைங்க, கையை நெஞ்சு மட்டத்தில் வைங்க, பிறகு பாருங்க. தொடர்ந்து 140/90க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் போங்க’ என்று சொல்கிற ஆப்தான் உதவுகிற ஆப். வெறும் எண்ணைச் சிவப்பாகக் காட்டுவது பயத்தை மட்டும்தான் கூட்டும்.

தமிழில் இருக்கு... ஆனா புரியுதா?

‘சமர்ப்பிக்க’, ‘உள்நுழைக’, ‘சரிபார்ப்புக் குறியீடு’. தமிழ் இலக்கியம் படித்த நமக்கே சில ஆப்களின் தமிழைப் பார்த்தால், ஆங்கிலத்துக்கே மாறிவிடலாம் என்று தோன்றும். இங்கிலீஷ் திரையை எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் மெஷினில் போட்டு எடுத்த தமிழ் அது.

நம்ம மருந்துச் சீட்டைப் பாருங்க. 1-0-1 என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இங்கிலீஷ் தெரியாதவருக்கும் புரியும். கூடவே, ‘வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்’ என்று மருந்து கொடுப்பவர் சொல்லிவிடுவார். பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வடிவமைப்பு அது. மாத்திரை நினைவூட்டும் ஆப்கள் மருந்தின் நீளமான இங்கிலீஷ் பெயரைக் காட்டுவதற்குப் பதிலாக, மாத்திரையின் படத்தையும் இந்த 1-0-1ஐயும் காட்டினாலே போதும்.

பகிர்ந்த போனில் ரகசியம் எங்கே?

குடும்பமே பயன்படுத்தும் போனில் மாதவிடாய் ஆப்பின் நோட்டிஃபிகேஷன் திரையில் பளிச்சென்று வந்தால் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு சங்கடம்? வீட்டுக்குள் நடக்கும் கசிவு அது. வெளியே நடக்கும் கசிவும் உண்டு. ‘ஃப்ளோ’ என்ற மாதவிடாய் ஆப், பயனர்களின் உடல்நலத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் அனலிட்டிக்ஸ் பிரிவுகளுக்குப் பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2021ல் அந்நிறுவனத்துடன் சமரசத்துக்கு வந்தது.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் நிறைவேறியது. உங்கள் சம்மதத்தைத் தெளிவான வார்த்தையில் கேட்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பெரியவர்களின் ஆப்பில் ‘ஓகே’ அழுத்துவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். அப்போது சம்மதம் யாருடையது? இந்தக் கேள்விக்கு ஆப் உருவாக்குபவர்கள் பதில் யோசிக்க வேண்டும்.

டவுன்லோடு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

1. வீட்டில் இன்னொருவரை முறைப்படி சேர்க்கும் வசதி இருக்கிறதா? இல்லையென்றால், எந்த நம்பருக்கு மெசேஜ் போக வேண்டும் என்பதை யோசித்துக் கொடுங்க. வீட்டில் இருப்பவரின் பட்டன் போன் நம்பரே பல சமயம் சரியான நம்பர்.

2. போன் கேமராவாலோ வாட்சாலோ பிபி, சர்க்கரையைத் துல்லியமாகச் சொல்வதாக ஒரு ஆப் சொன்னால், அதை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கையில் பட்டை கட்டும் மெஷின், டாக்டர், லேப் டெஸ்ட்தான் கணக்கு.

3. டார்ச் ஆப் காண்டாக்ட்ஸ் கேட்டால் எப்படிச் சந்தேகப்படுவோமோ, மாத்திரை ஆப் கேட்டாலும் அப்படியே சந்தேகப்படுங்க.

4. பூட்டிய திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி செட்டிங்ஸில் மாற்றி வையுங்க.

5. வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரே ஒரு விதி சொல்லிக்கொடுங்க: ஆள் நேரில் பொருளோடு வந்து நின்றால்தான் நம்பர். போனில் யார் கேட்டாலும் கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

புதுசாக ஆப் உருவாக்க நினைக்கும் இளைஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. கோடிங் தொடங்கும் முன், உங்கள் டிசைனை உங்க அம்மா கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் சொல்லாமல் பத்து நிமிஷம் பாருங்க. அவங்க எந்த இடத்தில் நின்று, “தம்பி, இது என்னப்பா?” என்று கேட்கிறாங்களோ, வேலையை அங்கிருந்து தொடங்குங்க.