கையடக்கக் கணினியில் ஓர் இசைக் களஞ்சியம்

இசைத்தட்டாயினும் ஒலிநாடாவாயினும் குறுவட்டாயினும், விலை கொடுத்து வாங்கி வீட்டு அலுமாரியுள் வைத்த பின் அது நம்முடைய பொருளாகவே இருந்தது. இன்றோ மாதந்தோறும் கட்டணஞ் செலுத்தி, எங்கோ தொலைவிலுள்ள களஞ்சியத்திலிருந்து இசையை இரவல் பெறுகின்றோம். கட்டணம் நின்றால் பாட்டும் நின்றுவிடும். களஞ்சியத்துக்குரியவர் ஒரு பாட்டை நீக்கிவிட்டால் யாரிடம் முறையிடுவது?

இதற்கு மாற்று வழியொன்றை உள்ளங்கையளவான ஒரு கணினி தருகின்றது. 'றாஸ்பெரி பை' என்னும் இக்கணினி இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் நகரைச் சேர்ந்த அறக்கட்டளையொன்றின் முயற்சியால் 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி வெளிவந்தது. மாணவர் செய்நிரலாக்கம் பயிலவேண்டும் என்பதே எபென் அப்ரன் முதலியோரின் நோக்கமாயிருந்தது. பலகையின் நீளம் ஏறக்குறைய 85 மில்லிமீற்றர். அகலம் 56 மில்லிமீற்றர். அன்று அதன் விலை 35 டொலர். பாடங் கற்பிக்கப் பிறந்த அப்பலகையை உலகெங்குமுள்ள இசைப்பிரியர்கள் தமதாக்கிக்கொண்டனர்.

வீட்டு இசையமைப்பில் மூன்று பகுதிகள் உள. பாடல்களைச் சேமித்து வைத்து வேண்டியபோது எடுத்து வழங்குவது சேவையகம். அதனைப் பெற்று ஒலிபெருக்கிக்கு அனுப்புவது வாசிப்பான். இன்ன பாடலை இசைக்க என ஆணையிடுவது நமது கைத்தொலைபேசி. முன்னிரண்டையும் ஒரே பலகையிற் செய்யலாம். சேவையகத்தை ஒரு பலகையில் வைத்து, அறைக்கொரு வாசிப்பானை அமைத்தலும் ஆகும்.

இவ்வமைப்பின் வரலாறு மாணவர் அறியத்தக்கது. 2001ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே 'ஸ்லிம் டிவைசஸ்' என்னுஞ் சிறு கொம்பனி வலையமைப்பு இசைப்பெட்டியொன்றைச் செய்தது. அதன் வழிவந்த 'ஸ்குவீஸ்பொக்ஸ்' பெயர் பெற்றது. 2006இல் லொஜிற்றெக் கொம்பனி அதனை வாங்கிற்று. 2012இல் அப்பெட்டிகள் கைவிடப்பட்டன. 2024இல் அவற்றுக்கான இணையச் சேவையும் மூடப்பட்டது. வேறொரு பெட்டியாயின் அன்றே குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் சேவையகத்தின் மூலநிரல் எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாய்த் திறந்து வைக்கப்பட்டிருந்தது. ஆதலால் தொண்டர்கள் அதனைத் தொடர்ந்து பேணி, இப்போது 'லிரியன்' என்ற பெயரில் வழங்குகின்றனர். பழைய பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. பெட்டி கிடையாதவர் றாஸ்பெரி பையில் 'ஸ்குவீஸ்லைற்' என்னுஞ் சிறு செய்நிரலை இட்டால், அப்பலகையே ஒரு ஸ்குவீஸ்பொக்ஸாகிவிடும்.

அமைக்கும் முறை கடினமன்று. சேவையகமும் ஸ்குவீஸ்லைற்றும் அடங்கக்கூடிய 'பைகோர்பிளேயர்' என்னும் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கி, வேறொரு கணினியின் உதவியால் நினைவட்டையில் எழுதி, பலகையிற் செருகி, வலையமைப்புக் கம்பியை மாட்டி மின்னூட்ட வேண்டும். பின்னர் கைத்தொலைபேசியின் உலாவியில் பலகையின் முகவரியைத் தட்டினால் அமைப்புப் பக்கம் தோன்றும். நாம் இத்தொகுப்பை விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. இது தொடங்கும்போதே முழுவதும் நினைவகத்தில் ஏறிக்கொள்வதால், மின்சாரம் சடுதியாக நின்றாலும் அட்டை பழுதாவது அரிது. 2022இல் மணிக்கணக்கான மின்வெட்டை அனுபவித்த நம் நாட்டவர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மின்வழங்கியிலே சிக்கனம் பாராட்டலாகாது. நான்காம் வகைப் பலகைக்கு 5 வோல்ற்றில் 3 அம்பியர் தரும் வழங்கி விதிக்கப்பட்டுள்ளது. பழைய தொலைபேசியின் மின்னேற்றியைச் செருகிவிட்டுப் பாட்டு இடையிடையே அறுகின்றதெனப் பலகையைக் குறைகூறுதல் நீதியன்று.

ஒலியின் தரத்துக்கும் ஒரு சொல். முந்திய பலகைகளிலுள்ள செவிப்பொறித் துளை, மின்துடிப்புகளின் அகலத்தை மாற்றி ஒலியை ஒருவாறு உண்டாக்குவதாகும். நாதசுரத்தின் ஓங்கிய ஒலிக்கு அது போதியதெனினும், தம்புராவின் மெல்லிய நாதம் இரைச்சலில் மங்கும். 2023இல் வந்த ஐந்தாம் வகையில் அத்துளையே இல்லை. பலகையின் 40 ஊசிகள்மேற் பொருந்தும் தனி ஒலிமாற்றி அட்டையொன்றை வாங்குதலே நன்று.

கணக்கிலே விருப்பமுள்ளவர் இதனைப் பார்க்கவும். குறுவட்டில் ஒவ்வொரு செக்கனுக்கும் 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிற்று, இரு தடங்கள்; ஆக 14,11,200 பிற்று. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 மெகாபைற்று. 2001இல் வெளிவந்த 'பிளாக்' முறை, ஓரணுவும் இழக்காமல் இதனைப் பெரும்பாலும் பாதியளவுக்குச் சுருக்கும். 64 கிகாபைற்றுச் சிறு சேமிப்பானொன்றில் நூற்றைம்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் அடங்கும்.

உண்மையான உழைப்பு பெயரிடுதலில் உள்ளது. ஒரே வித்துவானின் பெயரை மூன்று விதமாக எழுதினால், சேவையகம் அவரை மூன்று பேராகக் காட்டும். மேனாட்டார் வகுத்த பட்டியலில் பாடகர், தொகுப்பு, ஆண்டு என்பன உண்டு. இராகத்துக்கும் தாளத்துக்கும் இடமில்லை. இராகத்தை 'வகை' என்னும் இடத்தில் எழுதிவைத்தால், தோடியென்று தட்டியவுடன் வீட்டிலுள்ள தோடிகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். தமிழெழுத்தில் எழுதுவதற்கு எவ்வித தடையுமில்லை. விடுமுறையிலே பிள்ளைகளும் ஆச்சியும் ஒருங்கிருந்து செய்தற்கேற்ற வேலை இது. இராகத்தை ஆச்சி சொல்வார், பிள்ளைகள் எழுதுவர்.

கடையில் வாங்கிய இசை எங்கேனும் மீண்டுங் கிடைக்கும். அலுமாரியின் அடித்தட்டிற் கிடக்கும் வீட்டு ஒலிநாடாக்கள் அத்தகையனவல்ல. பாட்டனார் பாடிய தேவாரமும், வெளிநாட்டிலிருந்த மகனுக்குத் தாய் பேசிப் பதிந்த குரலும் உலகில் அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கக்கூடும். நாடா ஆண்டுதோறும் நலிகின்றது. ஒரு மணி நேர நாடாவைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் செல்லும்; குறுக்கு வழியில்லை. ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குங்கள். ஏற்றியதை இரண்டு சேமிப்பான்களில் பிரதிசெய்து, ஒன்றை வேறு வீட்டிலுள்ள உறவினரிடம் ஒப்படையுங்கள். மூல நாடாவை மட்டும் எறிந்துவிட வேண்டாம்.