அரைப்பேர்

போன கலைவிழாவில் ‘என்ஜாய் எஞ்சாமி’க்கு எங்கட பெடியளும் பெட்டையளும் ஆடினவை. ஆட்டம் நல்லாத்தான் இருந்தது, அதில எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அதுக்கு முன்னம் மைக்கில் வந்த அறிவிப்புத்தான் பிரச்சினை. உலக மேடைகளை வென்ற எங்கட ஈழத்துப் பாடகி தீயின் பாடல் எண்டு சொல்லிச்சினம். கைதட்டல் விழுந்தது. அறிவு எண்ட பேர் வரவே இல்லை. பின்வரிசையில் இருந்த நாங்கள் ஆளையாள் பார்த்தம். எங்களில் ஒருத்தியின் அம்மாயி 1977 கலவரத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவ. அவள் மட்டும் கைதட்டேல்லை.

இது சின்ன விசயம்தானே எண்டு கேட்பீர்கள். அப்ப வரிசையாகப் பாருங்கோ.

பாட்டு 2021 மார்ச்சில் மாஜ்ஜா வெளியீடாக வந்தது. இசை சந்தோஷ் நாராயணன், வரிகள் அறிவு, பாடினவை தீயும் அறிவும். பல கோடிப் பேர் பார்த்தார்கள். பிறகு டி.ஜே. ஸ்னேக்கின் மறுகலவை வந்தது. நியூயோர்க் ரைம்ஸ் சதுக்கத்தில் அதுக்கு ஏற்றின விளம்பரத்தில் ஸ்னேக்கும் தீயும் இருந்தார்கள், அறிவு இல்லை. 2021 ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் தீயும், கனடாத் தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் வந்தார்கள். தீ பாடினது ‘என்ஜாய் எஞ்சாமி’. ஷான் பாடினது ‘சார்பட்டா பரம்பரை’யின் ‘நீயே ஒளி’. இரண்டுக்கும் வரி எழுதின ஆள் அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் அதைப் பகிரங்கமாகக் கேட்டார். சனமும் கேட்டது. மாத முடிவில் அறிவுக்கென்று ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. பந்தி முடிஞ்ச பிறகு வாழையிலை போட்ட மாதிரி.

2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலக நாடுகளின் அணிகள் முன்னால் அதே பாட்டு. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்ப அமெரிக்காவில் இருந்தார் எண்டது விளக்கம். அடுத்த சில நாளில் அறிவு இன்ஸ்டகிராமில் எழுதினார், எழுதினதும் மெட்டமைச்சதும் பாடினதும் தான்தான் எண்டு. மெட்டு யாருடையது எண்டதில் சந்தோஷ் நாராயணன் வேறு விதமாகச் சொன்னார். தீயும் தான் ஒரு இடத்திலும் அறிவின் பேரை மறைக்கேல்லை எண்டு எழுதினார்.

மெட்டு ஆருடையது எண்டு தீர்ப்புச் சொல்ல நாங்கள் அந்த அறையில் இருக்கேல்லை. தீயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வரேல்லை. அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு இவ்வளவு தூரம் போயிருக்காது எண்டது எங்களுக்கும் தெரியும். நாங்கள் கேட்கிறது வேறு. பலகை, அட்டை, மேடை எண்டு மூன்று தரமும் ஆள் குறைஞ்சது. மூன்று தரமும் குறைஞ்சது ஒரே ஆள். ஒவ்வொரு தரமும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. பயணம், ஒப்பந்தம், அது வேற அல்பத்துக்கான அட்டை. காரணங்கள் உண்மையாகவே இருக்கட்டும். காரணம் எப்பவும் ஒரு பக்கத்தால மட்டும் வருகுதே, அதைத்தான் கேட்கிறம்.

சிங்களப் பொப் கேட்கிறவையைக் கேளுங்கோ. பாத்தியா எண்டு சொல்லி நிப்பாட்ட மாட்டினம், சந்துஷும் சேர்ந்துதான் வாயில வரும். எங்கட பக்கம் பாருங்கோ. ஹிப்ஹொப் தமிழா எண்டால் ஆதியின் முகம் எல்லாருக்கும் தெரியும். அதில ஜீவா எண்டு இன்னொருவர் இருக்கிறார் எண்டு சொன்னால், “ஆர் அது?” எண்டு கேட்கிற ஆக்கள் எங்கட விடுதியிலேயே இருக்கினம். சினிமா விருதுப் பட்டியலில் பாடலாசிரியருக்கு எண்டு ஒரு தனி இடமாவது இருக்கு. ஸ்பொட்டிபையில் பாட்டுக்குக் கீழே பாடகர் பேர்தான் நிற்கும். எழுதினவரைத் தேடி இன்னொரு பக்கம் திறக்கவேணும். ஆர் திறக்கிறது?

தோட்டத்தில ஒரு சொல் இருக்கு, அம்மாயி சொன்னது. நாள் முழுக்கக் கொழுந்து பறிச்சுக் கணக்குக் கிலோ வந்தால் “பேர்” விழும். அதாவது ஒரு நாள் சம்பளம். கிலோ குறைஞ்சால் “அரைப்பேர்”. மழையில நின்றாலும், அட்டை கடிச்சாலும், தராசில முள்ளு எங்க நிற்குதோ அதுதான் பேர். நிறுக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், பறிச்சவளுக்கு அந்தப் புத்தகத்தைப் பார்க்கவும் தெரியாது. பாட்டின் தலைப்பில தீயின் பேருக்குப் பின்னால் “ஃபீட்.” எண்டு போட்டு அறிவு எண்டு எழுதியிருக்கினமே, அதைப் பார்த்த உடனே அவளுக்கு இந்தச் சொல்தான் ஞாபகம் வந்ததாம்.

இது சும்மா ஒப்புமை இல்லை. அந்தப் பாட்டுக்குள்ள இருக்கிறவ அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைச்சு, பிறகு இந்தியாவுக்குத் திரும்பின குடும்பம். 1948ஆம் ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கினது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் இருந்து 5,25,000 பேர் அங்க, 3,00,000 பேர் இங்க எண்டு பிரிச்சினம். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பம் எண்டு விட்டு, 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டினம். அப்படிப் பங்கு போடப்பட்ட சனத்தின்ர பேரன் எழுதின பாட்டு அது. அறிவு தன்ர அல்பத்துக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ எண்டு பேர் வைச்சதும் அதனாலதான். அந்தப் பாட்டைத்தான் எங்கட மேடையில், வள்ளியம்மாவும் இல்லாமல் பேராண்டியும் இல்லாமல், “எங்கட ஈழத்துப் பாடகி” எண்டு அறிவிச்சினம்.

வன்னியில் இருந்து கொண்டு இதைச் செய்யிறதுதான் எங்களுக்கு ஆகலும் வலிக்குது. கப்பல் ஏறாமல் மிஞ்சினதுகளில் கொஞ்சப் பேர் எங்க வந்தினம்? 1958, 1977, 1983 எண்டு அடி விழ விழ வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தினம். காடு வெட்டினவை, கிணறு வெட்டினவை, எங்கட வயலில் கூலிக்கு நின்றவை. போரில் எங்களோட சேர்ந்து செத்தவை. இன்றைக்கும் குடியிருக்கிற காணிக்குப் பேர்மிற் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலையிற குடும்பங்கள் இருக்கு. அவை வாக்காளர் இடாப்பில் முழுப்பேர், காணிக் கச்சேரியில் அரைப்பேர். கலியாணப் பேச்சுக்கால் எடுத்தால் “அவை அந்தப் பக்கத்து ஆக்கள்” எண்டு குரல் தணியும். பள்ளிக்கூடத்தில் “தோட்டக்காட்டான்” எண்ட சொல்லைக் கேட்டு வளர்ந்த ஒருத்தியும் எங்களோட இருந்துதான் இதை எழுதுகிறாள். அந்தச் சொல்லைச் சொன்ன வாய்தான் டிஜே போட்டவுடன் “எஞ்சாமி” எண்டு பாடுது.

பாட்டு வந்த அதே 2021 மார்ச்சில்தான், வருசக்கணக்காகக் கேட்ட 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. பாட்டைப் பகிர்ந்த எங்கட பேஸ்புக் நண்பர்களில் எத்தனை பேர் அதைப் பகிர்ந்தினம் எண்டு எண்ணிப் பார்த்தம். ஒரு கை விரலே மிச்சம். 2023இல் மலையகம் 200 எண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவை. முதல் வந்த சனம் காட்டுக்குள்ளால் நடந்து, பாதி வழியில் செத்த பாதை அது. எங்கட செட்டிகுளத்துக்குள்ளாலதான் போனவை. அண்டைக்கு நாங்களும் போகேல்லை. பரீட்சை எண்டு சொன்னம். எங்களுக்கும் ஒரு காரணம் இருந்தது.

“சரி, புகழ் கிடைக்காட்டி என்ன, காசு வந்திருக்குமே” எண்டு ஒரு அண்ணை சொன்னார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டு, இந்தப் பாட்டால தங்களுக்கு ஒரு ரூபாவும் வரேல்லை எண்டார். நிறுவனம் தன் பக்கத்தைச் சொன்னது. அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதுக்குப் பிறகாவது ஒண்டு யோசிக்கலாம். காசுக் கணக்கு தங்களுக்கே திறக்கேல்லை எண்டு இசையமைப்பாளரே வெளியில வந்து சொல்லவேண்டி இருந்தால், பேரும் பாதியாக விழுகிறவன் ஆரிட்டப் போய்ப் புத்தகத்தைக் காட்டு எண்டு கேட்கிறது?

“கலையில சாதி, ஊர் பார்க்காதேங்கோ” எண்டும் சொல்லுகினம். நாங்கள் பார்க்கேல்லை அண்ணை. “எங்கட ஈழத்து” எண்டு மைக்கில ஊர் பார்த்தது நீங்கள். தீயின்ர வேர் ஈழம் எண்டு உரிமை கொண்டாடலாம் எண்டால், அறிவின்ர பாட்டி உழைச்ச மண்ணும் இந்தத் தீவுதான். ஒருவரை எங்கட பிள்ளை எண்டு தூக்கி, மற்றவரை இந்தியாக்காரன் எண்டு விடுகிறதுக்கு நாங்கள் வைச்சிருக்கிற அளவுகோல் என்ன? அதைச் சொல்லுங்கோ, பிறகு கலையைப் பற்றிக் கதைப்பம்.

வாற கலைவிழாவுக்கு நிகழ்ச்சி நிரல் அடிக்கிற தோழர்களுக்கு: வரிகள் அறிவு, இசை சந்தோஷ் நாராயணன், பாடியவர்கள் தீ, அறிவு. ஒரு வரிதான். இடம் பத்தாட்டி அனுசரணை தந்த கடைக்காரரின் படத்தைக் கொஞ்சம் சின்னனாக்குங்கோ. அறிவிப்பாளர் கிடைக்காட்டி எங்களுக்குச் சொல்லுங்கோ. அம்மாயியின் பேத்தி வாசிக்க வாறாளாம்.