செத்த குரங்கைக் கடந்து போகாதீர்கள்!

காட்டுயிரியலும் கால்நடை மருத்துவமும் படிக்கும் தோழர்களே!

மழை ஓய்ந்துவிட்டது. முதுமலையிலும் பந்திப்பூரிலும் வயநாட்டிலும் சருகு காயத் தொடங்கிவிட்டது. அந்தச் சருகுக்குள்ளே கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படாத இளம் உண்ணிகள் ஏறக் காத்திருக்கின்றன. டிசம்பர் முதல் மே வரை அவை பரப்பும் குரங்குக் காய்ச்சலின் பருவம். நாம் இப்போதே கிளம்பியாக வேண்டும்!

1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோர ஊர்களில் மனிதர்கள் கடுங்காய்ச்சலில் படுத்தார்கள். அந்தக் காட்டின் பெயரே குரங்குக் காய்ச்சலின் மருத்துவப் பெயரானது. பல பத்தாண்டுகள் அந்த வட்டாரத்தையே சுற்றிவந்த நோய், 2012-இல் பந்திப்பூரில் குரங்குச் சடலங்களை அப்புறப்படுத்திய தொழிலாளர்களைத் தாக்கியது. முதுமலைக் குரங்குகளிலும் கிருமி கண்டறியப்பட்டது. பின்னர் வயநாட்டின் பழங்குடி ஊர்களுக்குள் நுழைந்தது.

குரங்கின் மேல் பழி போடாதீர்கள், தோழர்களே. நம்மைப் போலவே உண்ணிக் கடிபட்டு மாளும் உயிர் அது. அது செத்ததும் உடம்பிலிருந்த உண்ணிகள் உதிர்ந்து, விழுந்த இடமே நோய்க்களமாகிறது. விறகுக்கும் தேனுக்கும் போகிறவர் அங்கேதான் கால் வைக்கிறார். அச்சத்தில் குரங்கை அடித்துக் கொன்றால் காடு ஓர் உயிரை இழக்கும், நோய் ஒழியாது.

இந்தக் காய்ச்சலுக்கென்று தனி மருந்து கிடையாது. நோய் கண்டவர்களில் 100-க்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். முன்கூட்டியே அறிந்தால்தான் உயிர்களைக் காக்க முடியும்.

வாருங்கள்! வனத்துறையின் அனுமதி பெற்று, வெள்ளைத் துணியைச் சருகின் மேல் இழுத்து உண்ணி சேகரிப்போம். குரங்குக் கூட்டங்களை வாரந்தோறும் எண்ணுவோம். செத்த குரங்கைத் தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே வனச்சரகருக்கும் கால்நடை மருத்துவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள். காட்டுநாயக்கர், குறும்பர் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பக்கம் குரங்குச் சத்தம் நின்றுபோனது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

நம் முடிவுகள் ஆய்வேட்டுக்குள் அடைந்து கிடக்கக் கூடாது. எந்தத் தடத்தில் உண்ணி மிகுந்திருக்கிறது என்பது, விறகுக்குப் போகும் அக்கா அரிவாளை எடுக்கும் முன்பே அவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். பட்டம் பிறகு வரட்டும்.

முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை காலுறை, பூட்ஸ், உண்ணி விரட்டும் தைலம், ஒரு குறிப்பேடு. எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். இந்த வாரமே காட்டோரம் கூடுவோம்!