எலும்புக்குள் ஒரு நீர்க்குமிழி

"விழக்கூட இல்லை, டாக்டர்! பந்தைத்தான் எறிந்தான். அதற்கா கை ஒடியும்?" என்று அம்மா பதறுகிறாள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்புக்குள் ஒரு கட்டி இருக்கிறது, அம்மா" என்கிறார். 'கட்டி' என்றதுமே அவளுக்கு உலகம் இருண்டுவிடுகிறது. பிறகு அவர் சொல்வது எதுவும் காதில் ஏறுவதில்லை.

ஏற வேண்டியது அதுதான்! குழந்தைகளுக்கு இப்படி வருவது பெரும்பாலும் வெறும் நீர்க்கட்டி, புற்றுநோய் அல்ல. தோளையடுத்த கை எலும்பிலோ, இடுப்பையடுத்த தொடை எலும்பிலோ வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் சேர்ந்து, எலும்பு முட்டை ஓடு போல் மெலிந்துவிடுகிறது. பையன்களுக்கே இது அதிகம். 'பால் போதாமல் போயிற்றோ?' என்று நீங்கள் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

முன்பெல்லாம் கையை அறுத்து, கட்டியைச் சுரண்டி, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து நிரப்புவார்கள். அப்படியும் கட்டி திரும்பி வருவதுண்டு. 1979-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து நிபுணர் ஸ்காலியெத்தி, ஊசியால் நீரை வடித்து, ஸ்டீராய்டு மருந்து செலுத்தியே குணப்படுத்தலாம் என்று எழுதினார். பெரிய காயமில்லை, பெரிய தழும்புமில்லை.

இப்போது இன்னொரு முறையும் உண்டு. சிறு துளை வழியே கட்டியின் சவ்வைச் சுரண்டி, நீர் வடிய வழி செய்து, கால்சியம் சல்பேட் உருண்டைகளை நிரப்புகிறார்கள். என்ன தெரியுமா அது? கைக்கு வெளியே போடும் மாவுக்கட்டின் அதே சரக்குதான்! சில மாதங்களில் அது கரைய, அந்த இடத்தில் எலும்பு வளர்கிறது.

ஆனால், 'ஒரே ஊசி, உடனே குணம்' என்று நம்பிவிடாதீர்கள். 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஸ்டீராய்டு ஊசியால் ஆறியது நூற்றுக்கு 42 பேருக்கு. எலும்பு மஜ்ஜையைச் செலுத்தியவர்களில் 23 பேருக்குத்தான். பலருக்கு மறுபடியும் ஊசி வேண்டியிருக்கும். சிறிய கட்டியானால், சும்மா கவனித்து வந்தாலே போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும்.

ஆகவே, ஒடிந்த கைக்கு எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போட்டுவிடாதீர்கள். இன்ன கட்டி என்று நிச்சயிக்க வேண்டியவர் எலும்பு டாக்டர். அவரிடம், "மறுபடி எப்போது படம் எடுக்க வேண்டும்? எந்த விளையாட்டு கூடாது?" என்று கேட்டு எழுதி வையுங்கள். வலி போனதும் பிள்ளை மறந்துவிடுவான். அடுத்த எக்ஸ்ரேயை நீங்கள் மறக்கக் கூடாது!