காசைச் செல்லாததாக்குவது கல்லாவின் வேலையல்ல

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கறிவேப்பிலை விற்பவரிடமோ பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலோ ஐம்பது காசை நீட்டினால், அது நீட்டிய கைக்கே திரும்பி வரும். சட்டப்படி பார்த்தால் அது இன்றும் செல்லும் காசு. பத்து ரூபாய் வரையிலான தொகையை ஐம்பது காசுகளாகவே கொடுக்க 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இடம் தருகிறது. இருபத்தைந்து காசுக்கு நேர்ந்தது வேறு. அதையும் அதற்குக் கீழானவற்றையும் அரசே முன்கூட்டி அறிவித்து, வங்கிகளில் மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்து, 2011 ஜூன் 30 முதல் செல்லாதென்றாக்கியது. ஐம்பது காசுக்கு அறிவிப்பும் இல்லை, அவகாசமும் இல்லை. கடைக்குக் கடை கல்லாவே தீர்ப்பு எழுதிவிட்டது. ஆகவே சிறு காசுகளை ஒழிக்கலாமா கூடாதா என்ற கேள்வி பாதிக் கேள்விதான். ஒழிப்பது யார், எந்த விதிப்படி என்பதே மீதிப் பாதி. ஐம்பது காசை அரசு முறைப்படி விலக்கிக்கொள்ள வேண்டும். ஒரு ரூபாயை இப்போதைக்குத் தொடக்கூடாது. எதை விலக்குவதானாலும் மீதிச் சில்லறைக்கான விதியை முதலில் எழுத வேண்டும்.

சிறு காசு யாருடையது என்பதற்கு இந்த ஊரின் பழைய நாணயங்களே சாட்சி. ஆளுநர் துய்மா காலத்தில், 1736-ல், ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடம் அனுமதி பெற்றுப் பிரெஞ்சுக் கம்பெனி இங்கே வெள்ளி ரூபாய் அடித்தது. அந்த ரூபாயில் இருந்தது முகலாயப் பேரரசரின் பெயர், பாரசீக எழுத்தில். நவாபுக்கும் பெருவணிகருக்கும் போகும் பணம் அது. செப்புக் காசிலோ ஒரு பக்கம் பிரெஞ்சு லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’. காய்கறிக்காரர் கையிலும் நெசவாளர் மடியிலும் புழங்கப்போகும் காசு, அவர்கள் மொழியிலேயே பேச வேண்டியிருந்தது. அந்தப் புழக்கம் எவ்வளவு வலுவானது என்றால், நம் ‘பணம்’ பிரெஞ்சுக்காரர் வாயில் ‘ஃபனோ’ ஆனது. ‘துட்டு’ ‘தூதூ’ ஆனது. பெரிய பணத்தை ஆட்சியாளர்களும் வணிகர்களும் பார்த்துக்கொள்வார்கள். சிறு காசில் கை வைத்தால் அதை உணர்வது அன்றாடக் கூலியில் வாழ்கிறவர்தான்.

எப்படி உணர்கிறார்? விலை என்பது வழவழப்பாக ஏறும் சரிவு என்று பொருளாதாரப் பாடம் சொல்லும். பெட்டிக்கடையில் அது படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஒரு காசு. பக்கத்துக் கடலூரின் சின்னிகிருஷ்ணன், பாட்டிலில் வாங்க வசதியில்லாதவர்களுக்காகப் பொருளைச் சிறு பையில் அடைத்து விற்கும் வழியைத் தொடங்கிவைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1990-களின் இறுதியில் சிக் ஷாம்பு பாக்கெட் ஒன்றை ஐம்பது காசுக்குக் கொண்டுவந்தார். அந்தக் காசு புழக்கத்தில் இருந்ததால்தான் அந்த விலையும் இருக்க முடிந்தது. தீப்பெட்டியின் கணக்கு இன்னும் தெளிவு. 2007 வரை ஐம்பது காசு. பிறகு ஒரு ரூபாய். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். மூலப்பொருள் விலை ஏறிக்கொண்டே இருந்தபோதும் தீப்பெட்டி விலை நின்றது. ஏறியபோது ஒரேயடியாக இரட்டித்தது. ஒன்றே கால் ரூபாய், ஒன்றரை ரூபாய் என்று ஏற இடையில் புழங்கும் படி எதுவும் இல்லை. பெட்டிக்குள் குச்சிகளைக் கூட்டித்தான் தயாரிப்பாளர்கள் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். இன்று ஒரு ரூபாயையும் எடுத்துவிட்டால் அடுத்த படி இரண்டு ரூபாய். அந்தப் படியில் கால் வைக்க அதிகம் சிரமப்படுவது ஒரு பாக்கெட், ஒரு தீப்பெட்டி என்று வாங்குகிறவர்கள்.

ஐம்பது காசின் நிலை வேறு. அந்தப் படி ஏற்கெனவே இடிந்துவிட்டது. இடிந்ததை ஒப்புக்கொள்ளாததால் நடப்பது என்ன? நாற்பத்தேழு ரூபாய் இருபது காசு என்று பில் வந்தால் நாற்பத்தெட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இல்லையென்றால் மீதிக்கு ஒரு மிட்டாய் கைக்கு வருகிறது. நாற்பத்தாறு எண்பதென்றால் நாற்பத்தேழு. ஒருநாளும் கீழே இறங்காத இந்தக் கணக்குக்கு யாரும் விதி எழுதவில்லை. அரசு மட்டும் தனக்கென்று எழுதிக்கொண்டிருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரித் தொகையில் ஐம்பது காசோ அதற்கு மேலோ இருந்தால் முழு ரூபாயாக்கவும், குறைந்தால் விட்டுவிடவும் சொல்கிறது. வரிக்கு இருக்கும் இந்த ஒழுங்கு மளிகைக் கடைக்கு ஏன் இல்லை? யுபிஐ வந்தபின் இது இன்னும் கூர்மையாகிவிட்டது. கைப்பேசியில் செலுத்துகிறவர் நாற்பத்தேழு ரூபாய் இருபது காசைத் துல்லியமாகச் செலுத்துகிறார். ரொக்கம் கொடுக்கும் முதியவரும் கூலித் தொழிலாளியும் எண்பது காசு கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு விலை. கூடுதல் விலை வசதி குறைந்தவருக்கு.

இதை ஒழுங்குபடுத்திய நாடுகள் நமக்கு அந்நியமல்ல. நம் உறவினர்கள் வாழும் மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் மொத்த பில்லை ஐந்து சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள். கடைசி இலக்கம் ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு என்றால் கீழே. மூன்று, நான்கு, எட்டு, ஒன்பது என்றால் மேலே. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இல்லை, மொத்தத்துக்கு ஒரே முறை. கனடா 2013-ல் ஒரு சென்ட் நாணய விநியோகத்தை நிறுத்தியபோது, ரொக்கத்துக்கு மட்டும் முழுமையாக்கல், அட்டைக்குத் துல்லியத் தொகை என்று முன்பே வழிகாட்டியது. அமெரிக்காவோ ஒரு சென்ட்டை அடிக்கக் கிட்டத்தட்ட நான்கு சென்ட் ஆகிறதென்று 2025 நவம்பரில் புழக்கத்துக்கான கடைசி நாணயத்தை அடித்து முடித்தது. நாடு முழுமைக்கும் விதி ஒன்றை முன்கூட்டி வகுக்காததால் கடைகள் ஆளுக்கொரு விதமாகச் சமாளித்தன. காசை நிறுத்துவது எளிது. அது விட்டுச்செல்லும் இடைவெளியை யார் கணக்கிடுவது என்பதில்தான் நிர்வாகம் தெரியும்.

ஒரு ரூபாய் நாணயத்தை அடிக்கவே ஒரு ரூபாய்க்கு மேல் ஆகிறதே, அதையும் நிறுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2018-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியான கணக்குப்படி அதன் செலவு ஒரு ரூபாய் பதினொரு காசு. எண் சரி, முடிவு சரியல்ல. தீக்குச்சியைப் போல ஒருமுறை உரசித் தீர்வதல்ல காசு. இருபது, முப்பது ஆண்டுகள் ஆயிரம் கைகள் மாறும். அந்தச் செலவை அத்தனை பரிமாற்றங்களுக்கும் பங்கிட்டால் மிஞ்சுவது அற்பம். ரிசர்வ் வங்கியின் அண்மை ஆண்டறிக்கைகளின்படி புழக்கத்திலுள்ள நாணயங்களில் ஐந்தில் நான்கு பங்கு ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்கள். மொய்க்கவரில் ஒட்டிய ஒரு ரூபாயிலிருந்து கோயில் உண்டியல் வரை அது உயிரோடு இருக்கிறது. காசை நீக்கினால் விலைவாசி ஏறும் என்பது எதிர்ப்பக்கத்து அச்சம். அந்த அச்சம் ஒரு ரூபாய்க்குப் பொருந்தும். ஐம்பது காசுக்குப் பொருந்தாது. அது போனதால் ஏற வேண்டிய விலை ஏற்கெனவே ஏறிவிட்டது. விதி வந்தால் ஓரளவு இறங்கத்தான் வாய்ப்பு. விலைகள் உயர உயர ஒரு ரூபாய்க்கும் ஒருநாள் இந்த முறை வரும் என்பதை மறுக்கவில்லை. அன்றைக்கும் இதே வரிசைதான்: முதலில் விதி, பிறகு விலக்கல்.

விதியில்லாமல் விட்டால் நோய் மேலே பரவும் என்பதற்குப் பத்து ரூபாய் நாணயமே அத்தாட்சி. ரூபாய்க் குறியீடு 2010-ல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய நாணயங்களில் அது இருக்க வழியில்லை. குறியீடு இல்லாதது கள்ளக்காசு, கோடுகளின் எண்ணிக்கை மாறியிருந்தால் போலி என்று வதந்தி கிளம்பியது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கிய பின்னும் தமிழ்நாட்டிலும் இங்கேயும் கடைகளில் தயக்கம் முழுதாக விலகவில்லை. ஐம்பது காசை மறுத்துப் பழகிய கைக்குப் பத்து ரூபாயை மறுப்பது பெரிய காரியமல்ல.

நாணயம் மத்திய அரசின் அதிகாரம். ஆறு மாத அவகாசத்தோடு ஐம்பது காசை அது திரும்பப் பெறட்டும். ரொக்க பில்லின் மொத்தத்தில் ஐம்பது காசு வரை வாங்குபவருக்குச் சாதகமாகக் கீழே, அதற்கு மேல் விற்பவருக்குச் சாதகமாக மேலே என்று ஒரே வரியில் விதி எழுதட்டும். அதுவரை புதுச்சேரி அரசு காத்திருக்கத் தேவையில்லை. மின்கட்டண அலுவலகத்திலும் அரசுப் பேருந்திலும் இந்த வரியை எழுதி ஒட்டலாம். பத்து ரூபாய் நாணயம் வாங்கப்படும் என்பதையும் அதன் கீழேயே சேர்த்துக்கொள்ளலாம்.