பம்பி கத்துகிறது, அளந்து பார்க்க ஆளில்லை

"சத்தம் போடுகிறதா? பம்பியை மாற்று." "வெளியிலே வாங்கிப் பூட்டிய பெரிய பம்பி என்றால் கத்தத்தான் செய்யும், விட்டுவிடு."

வலுக்கூட்டிய டேர்போ வண்டி ஒன்றைக் கராஜுக்குக் கொண்டுபோய், பின்னிருக்கைக்கு அடியிலிருந்து இரைச்சல் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். இந்த இரண்டு தீர்ப்புகளில் ஒன்றுதான் கிடைக்கும். முதலாவது பணத்தைத் தின்னும். இரண்டாவது இயந்திரத்தையே தின்னும். இரண்டிலும் தீர்ப்புச் சொன்னவர் எதையும் அளந்து பார்த்திருக்கமாட்டார்.

பேனா பிடித்தவனுக்குப் பெற்றோல் பம்பியில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுக் கடமை பார்த்தவர்களுக்கு அச்சியந்திரத்தின் சத்தம் மூச்சைப் போலப் பழகிவிடும். அந்தச் சத்தத்தில் சிறு மாற்றம் கேட்டதும் இயந்திரப் பொறுப்பாளர் காகிதச் சுருளைப் பார்ப்பார், உருளையைப் பார்ப்பார், மை வரும் வழியைப் பார்ப்பார். எடுத்த எடுப்பில் 'மோட்டாரைக் கழற்று' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

விடயத்தின் பாரதூரம் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். டேர்போ காற்றைத் திணிக்கிறது. காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். சுபாரு இம்பிரேசா போன்ற வண்டிகளில் அடிப்படை எரிபொருள் அமுக்கம் சுமார் 3 பார். டேர்போ 1 பார் அமுக்கும்போது, இன்ஜெக்டர்களுக்குச் செல்லும் குழாயில் அது 4 பாராக உயர்ந்தாக வேண்டும். உயராவிட்டால் கலவையில் பெற்றோல் குறையும், வெப்பம் ஏறும், நொக்கிங் தொடங்கும், பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் விளிம்புகள் உடையும். சுபாருவின் 2.5 லீற்றர் டேர்போ இயந்திரம் இந்த உடைவுக்குப் பேர்போனது. எனவே பம்பியின் குரலைப் பற்றிய வழக்கு காதுக்கு இதமா இல்லையா என்பதோடு முடிவதில்லை.

இரண்டாவது கட்சியினரிடம் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மணிக்கு 255 லீற்றர் என்று சொல்லி விற்கப்படும் வால்ப்ரோ பம்பி, பல்லோடு பல் கவ்வும் சக்கரங்களால் பெற்றோலைப் பிழிந்து தள்ளுவது. தொழிற்சாலையிலிருந்து வரும் பம்பிகள் பெரும்பாலும் விசிறிச் சில்லால் தள்ளுபவை, ஆதலால் அமைதியானவை. ஒரு சீரான கீச்சொலி வால்ப்ரோவின் சுபாவம். அத்துடன், சுபாருவின் பல டேர்போ வண்டிகளில் பம்பிக்குப் போகும் மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வெட்டி வெட்டியே கொடுக்கிறது. இலகு ஓட்டத்தில் 33 வீதம், பிறகு 66, முழு வலுக் கேட்டால் 100. அந்த வெட்டிய மின்சாரத்தில் பெரிய பம்பி வேறொரு குரலில் முனகும். இதுவும் நோயன்று.

ஆனால் சுபாவக் குரல் மாறாது. நேற்று இல்லாத கரகரப்பு இன்று வந்தால், தாங்கி கால் பங்குக்குக் கீழே இறங்கியதும் சத்தம் ஏறினால், நண்பகல் வெயிலில் அரை மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் கேட்டால், அது வேறு கதை. கூழாங்கல்லை அரைப்பது போன்ற ஒலி, பம்பி உறிஞ்சுவதற்குப் போதிய பெற்றோல் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். உறிஞ்சும் பக்கத்தில் அமுக்கம் விழுந்து பெற்றோல் ஆவிக்குமிழிகளாகிறது. அடியிலுள்ள துணி வடிகட்டி அடைபட்டிருக்கலாம். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் எத்தனை பேர் தாங்கியின் அடிமண்டி வரை ஓட்டினார்கள், கான்களில் சேர்த்ததை ஊற்றினார்கள்! அந்த மண்டி இன்னும் சில தாங்கிகளில் கிடக்கிறது. நான்கு சில்லுகளும் இழுக்கும் சுபாருவின் தாங்கியோ குதிரைச் சேணம் போல இரு பள்ளங்கள் கொண்டது. மறுபள்ளத்துப் பெற்றோலை இழுத்து வரும் சிறு குழாயைப் பம்பி மாற்றியவர் சரியாகப் பூட்டாவிட்டால், ஒரு பள்ளம் நிறைந்திருக்க மறுபள்ளத்தில் பம்பி காற்றைக் குடிக்கும்.

நண்பர் ஒருவரின் மகன் ஒரே வண்டிக்கு மூன்று பம்பிகள் வாங்கினான். "பாஸ் மாத்தச் சொன்னா மாத்தத்தானே வேணும் மாமா" என்றான். மூன்றாவதும் கத்திய பிறகு, வேறொரு கைதேர்ந்தவர் முழுத் தொகுதியையும் வெளியே எடுத்துப் பார்த்தார். தாங்கிக்குள் பம்பியையும் மேல்மூடியையும் இணைக்கும் நாலு அங்குல இறப்பர் குழாய் வெடித்திருந்தது. சாதாரண பெற்றோல் குழாயை வெட்டிப் பூட்டியிருக்கிறார்கள். பெற்றோலுக்குள் மூழ்கிக் கிடக்கும் குழாய்க்கென்று எஸ்.ஏ.ஈ. ஜே30ஆர்10 என்ற தனித் தரம் உண்டு. குற்றம் குழாயுடையது, தண்டம் மூன்று பம்பிகளுக்கு.

அளப்பது பெரிய வித்தையும் அன்று. கட்டுப்பாட்டுப் பெட்டி முழு மின்சாரத்தையும் விடும் நிலையில் பம்பியின் இரு முனைகளுக்கிடையே வோல்ற்றளவைப் பாருங்கள். பற்றரியில் 14 இருக்க அங்கே 11 என்றால் மெல்லிய வயரையும் எர்த்தையும் விசாரிக்க வேண்டும். பற்றரியிலிருந்து பியூசோடும் ரிலேயோடும் தடித்த வயர் இழுத்தால் தீரும். அமுக்கமானியைப் பூட்டி, ரெகுலேற்றரின் வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். 3 பாருக்கு வெகுவாக மேலே நின்றால், திரும்பிப் போகும் பாதை பெரிய பம்பியின் வெள்ளத்தைத் தாங்கவில்லை. பம்பி நெருக்கப்பட்டு அலறுகிறது. பாதையைச் சீர்செய்யாமல் இன்னும் பெரிய பம்பி பூட்டினால் இன்னும் பெரிதாக அலறும். வெளியேறும் பெற்றோலையும் அளக்கலாம்: 255 லீற்றர்ப் பம்பி 15 விநாடியில் ஒரு லீற்றர் அளவில் தர வேண்டும். இதை மட்டும் வீட்டு வாசலில் செய்து பார்க்காதீர்கள். திறந்த பெற்றோல், ஒரு தீப்பொறி, அவ்வளவுதான். இவை எல்லாம் சரியாக இருந்து, பம்பி உலோகத்தில் முட்டாமல் இறப்பர் உறையில் இருந்தும் கத்தினால், அப்போது பம்பியைக் கைதுசெய்யுங்கள். அது போலியாகவும் இருக்கலாம். வால்ப்ரோவின் பெயரில் போலிகள் உலகச் சந்தையில் தாராளம்.

"நாள் முழுக்க அளந்தால் யார் கூலி தருவது?" என்று கராஜ்காரர் கேட்பார். இதற்கு என்னிடம் மறுப்பில்லை. பொருளுக்குப் பணம் கொடுக்கும் நாம் யோசனைக்குக் கொடுப்பதில்லை. "பார்த்தார், ஒன்றும் மாற்றவில்லை, எதற்குக் காசு?" என்று சண்டை பிடிக்கும் வாடிக்கையாளரும் இந்த அநியாயத்தில் பங்காளியே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டும் இருந்த வண்டியைக் காப்பாற்றுவதே நம்மவருக்குப் பாடாக இருந்தது. ஓர் இயந்திரத்தை ஊகத்துக்குப் பலிகொடுக்க இங்கு எவரிடமும் வசதியில்லை.

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தம்பிமாருக்குப் பம்பி வாங்கி அனுப்பும் அண்ணன்மாரே, அடுத்த பொதியில் ஓர் அமுக்கமானியையும் வையுங்கள். பம்பியை விட அது மலிவு.