அச்சில் ஏறும் எண்ணும் அகத்தில் நிற்கும் எண்ணும்

கணக்குப் பொய் சொல்லாது என்பர் உலகத்தார். அஃது உண்மையே. ஆயினும், கணக்கை எழுதிக் காட்டும் முறை சில வேளைகளில் மெய்யை மறைத்துவிடும் என்பதே ஈண்டு நாம் கூறப் புகுந்த பொருளாகும்.

கணிப்பொறி நூல் பயிலும் மாணவர் பலர் முதற்கண் கற்பது சி என்னும் மொழி. அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பார் 1970-களின் தொடக்கத்தில் ஆக்கிய இம்மொழியில், விடையை அச்சிட்டுக் காட்டுவதற்குப் பிரிண்ட்எஃப் என்றொரு கருவி உண்டு. தசம எண்ணை அச்சிடுக என்று மட்டும் கூறினால், அது புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் இடும். இரண்டு போதும் என்றால் இரண்டே இடும். எட்டு இடம் ஒதுக்குக என்றால் எண்களை வலப்புறமாக ஒதுக்கி, புள்ளியின் கீழ்ப் புள்ளி நிற்கப் பேரேடு போல் நிரல்படுத்தித் தரும். மாணவர் இதனை வெறும் ஒப்பனை எனக் கொண்டு, தேர்வுக்கு வேண்டுமளவு மனப்பாடம் செய்து விடுத்துவிடுகின்றனர். இஃது ஒப்பனையன்று, நேர்மையின் பாற்பட்டது என்பதே நமது கருத்து.

காரணம் கூறுவாம். கணிப்பொறி தன்னகத்தே எண்களை இரண்டின் மடங்குகளாகவும் இரண்டால் வகுத்த கூறுகளாகவும் வைத்துக்கொள்வது. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி கொண்டு பயின்ற கீழ்வாயிலக்கங்களை நினைவிற் கொண்டால் இதன் இயல்பு எளிதில் விளங்கும். அரை, கால், அரைக்கால், வீசம் என்பன முறையே இரண்டில், நான்கில், எட்டில், பதினாறில் ஒரு பங்கு. இவை கணிப்பொறிக்குள் சிறிதும் குறையாமல் அமையும். இருபதில் ஒன்றாகிய மாவும், எண்பதில் ஒன்றாகிய காணியும், முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரியும் அங்ஙனம் அமையா. அவற்றின் பகுதியில் ஐந்து என்னும் எண் கலந்திருத்தலின், இரண்டால் எத்துணை முறை வகுத்துச் சென்றாலும் முடிவு பெறா; ஓரிடத்தில் வெட்டி நிறுத்தியே ஆகவேண்டும். ஆனால் மாவும் காணியும் கூடிய மாகாணியோ பதினாறில் ஒன்றாதலின் முழுமையாய் அமைந்துவிடும்!

நாணயத்திலும் இவ்வியல்பே காண்கின்றோம். பதினாறு அணா கொண்டது ரூபாய் என்றிருந்த காலத்து ஓரணா என்பது இவ்வியந்திரத்திற்கு மிக இசைந்த எண்ணாகும். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு காசாயிற்று. மக்களுக்கு அதனால் கணக்கு எளிதாயிற்று. ஆனால் நூறில் ஒரு பங்காகிய காசு கணிப்பொறிக்குள் முழுமையாய் அடங்காத எண்.

நிற்க. அடங்காத எண்ணைப் பிரிண்ட்எஃப் அச்சிடும்போது யாது நிகழ்கின்றது? 2.675 என்னும் எண்ணை இரண்டு இலக்கத்தில் அச்சிடச் சொன்னால், பள்ளிச் சிறுவனும் 2.68 என்பான். இயந்திரமோ 2.67 என்று அச்சிடும். அதன் அகத்தே நிற்பது 2.675 அன்று, அதனினும் அணுவளவு குறைந்த ஓர் எண். இயந்திரம் பிழை செய்யவில்லை. தன்னிடம் உள்ளதையே உரைத்தது. நாம் கொடுத்ததாக எண்ணிய எண் வேறு, அது பெற்ற எண் வேறு.

இதனால் விளையும் தீங்கு யாது, மயிரிழை வேறுபாட்டால் யாருக்கு என்ன குறை என்று சிலர் வினவலாம். ஜெர்மனி நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 1992-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. நூற்றுக்கு ஐந்து வாக்குப் பெறாத கட்சிக்கு இடமில்லை என்பது ஆங்குள்ள விதி. பசுமைக் கட்சி 5.0 பெற்றதாகக் கணிப்பொறி அச்சிட்டது. உண்மையில் அது பெற்றது 4.97. ஒரே இலக்கம் அச்சிடுமாறு எழுதப்பட்டிருந்த நிரல், எண்ணை உயர்த்திக் காட்டிவிட்டது. பிழை கண்டறியப்பட்டபின் அக்கட்சி இடமிழந்தது. சமூக ஜனநாயகக் கட்சிக்கு ஓரிடப் பெரும்பான்மை வாய்த்தது. கணக்கிற் பிழையில்லை, அச்சிட்ட வகையிலேயே பிழை.

நம் மதுரைச் சமவெளிக்கு இஃது அயலார் கதை அன்று. முல்லைப் பெரியாற்று அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வணையின் நீர் வைகைப் படுகைக்கு வந்து நம் வயல்களை வளர்ப்பது. நீர்மட்டம் 141.96 அடியாயினும் 142.04 அடியாயினும், ஓரிலக்கத்தில் அச்சிட்டால் இரண்டும் 142.0 என்றே தோன்றும். ஒன்று விதிக்கு உட்பட்டது. மற்றொன்று விதியைக் கடந்தது. அச்சிட்ட தாளை மட்டும் நோக்குவார்க்கு இரண்டிற்கும் வேற்றுமை தெரியாது. நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை வேண்டும் என்னும் விதியின்முன் 74.96 பெற்று நிற்கும் மாணவன் நிலையும் இத்தகையதே. தாளில் 75.0 என்று கண்டு மகிழ்ந்தவனை, அகத்தே நிற்கும் எண்ணைக் கொண்டு நிரல் தள்ளிவிடுமாயின், அவன் யாரிடம் சென்று முறையிடுவான்?

மற்றொரு முனையிலும் குற்றம் உண்டு. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்னும் மூவூர்களில் பெய்த மழை 12.4, 13.1, 11.8 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். சராசரியை இயந்திரம் தன் போக்கில் 12.433333 என அச்சிடும். பத்தில் ஒரு பங்கு வரையே அளந்த ஒருவர் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை அறிந்தவர்போற் பேசுதல் தகுமா? குறைத்துக் காட்டுதல் மறைத்தலானால், மிகுத்துக் காட்டுதல் பொய்ப் பெருமை.

ஆதலின் நம் மாணவர் கைக்கொள்ளத்தக்கன மூன்று என்போம். முதலாவது, அச்சிட்ட எண்ணைக் கொண்டு தீர்ப்புச் செய்யலாகாது; எந்த எண்ணால் தீர்ப்புச் செய்யப்படுகின்றதோ அதனையே, விதியின் எல்லை தெளியுமளவு இலக்கங்களோடு, தாளிலும் காட்டுக. இரண்டாவது, அளந்த கருவியின் நுட்பத்திற்கு மேற்பட்ட இலக்கங்களை மக்கள் வாசிக்கும் தாளில் இடற்க. ஆனால் வேறோர் இயந்திரம் மீண்டும் வாசிக்க வேண்டிய எண்ணாயின், இரட்டைத் துல்லிய எண்ணுக்குப் பொருளுள்ள இலக்கம் பதினேழு தருக. அப்பொழுதே அது குறையாமல் திரும்பும். மூன்றாவது, பணத்தைப் புள்ளி எண்ணாக வையாமல் காசுக் கணக்கில் முழு எண்ணாக வைத்து, அச்சிடும்போது மட்டும் ரூபாயாகப் பிரித்துக் காட்டுக. காணி நான்கு முந்திரி, மா பதினாறு முந்திரி, கால் எண்பது முந்திரி. இவ்வாறு மிகச் சிறிய கூற்றைக் கொண்டு எண்ணினால் மூன்றும் முழு எண்களே. வெட்டி நிறுத்த வேண்டிய கூறு ஒன்றுமில்லை.

ஒரு வரியை எழுதும்போது புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று முடிவு செய்பவன், அறிந்தோ அறியாமலோ, பிறர் எதனைக் காண வேண்டும், எதனைக் காணலாகாது என்று முடிவு செய்கின்றான். நாளை அணைக்கும், வங்கிக்கும், மருத்துவமனைக்கும் நிரல் எழுதப்போகும் நம் மாணவர், அவ்வதிகாரம் தம் கையில் இருத்தலை இன்றே உணர்வாராக. ஆசிரியரும் இப்பாடத்தை இலக்கணக் குறிப்பாக மட்டும் கற்பியாது, அதன் பொறுப்பையும் உடன் கற்பிப்பாராக.